ஏழை வீட்டுத் தட்டில் காய்கறி: எந்தத் திட்டம் தேறுகிறது?

தமிழ்நாட்டு நகரங்களில் ஏழைக் குடும்பத்தின் அடுப்புக்குப் போகும் பொருள்களில் பெரும்பகுதிக்கு அரசு தோள்கொடுக்கிறது. 2011 ஜூன் முதல் நியாய விலைக் கடையில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். காய்கறிக்கு மட்டும் இந்தத் தாங்கல் இல்லை. அது அன்றாடச் சந்தை விலையில் நிற்கிறது. ஆகவே கூலி வராத வாரத்தில் முதல் வெட்டு காய்க்குத்தான் விழுகிறது. சோற்றின் அளவு குறையாது. சாம்பாரில் முருங்கைக்காய் போய் வெங்காயம் மட்டும் மிஞ்சும். மறுநாள் ரசமும் ஊறுகாயும்தான். வயிறு நிறைந்துவிடுவதால் இதை யாரும் பட்டினிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதைக் காட்டியது. அதற்குக் காரணங்கள் பல. கீரையும் காயும் பழமும் குறைந்த தட்டு அவற்றில் முக்கியமான ஒன்று.

எவ்வளவு குறைகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உருளைக்கிழங்கு நீங்கலாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 1.6 கிலோ. கிலோ சராசரியாக 40 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 64 ரூபாய். மாதத்துக்கு 1,920 ரூபாய். மகளிர் உரிமைத் தொகையாக வரும் 1,000 ரூபாயை முழுக்கக் காய்க்கே செலவழித்தாலும் பாதி வழிதான் போகலாம். நகர்ப்புற ஏழைகளின் காய்கறி நுகர்வைக் கூட்டுவதாகச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் இந்த இடைவெளிக்கு முன் நிறுத்தித்தான் எடைபோட வேண்டும்.

அளவுகோல்

மூன்று கேள்விகள் போதும். முதலாவது, திட்டம் யாரைப் போய்ச் சேர்ந்தது? காய்கறி மலிந்தால் எல்லாரும் வாங்குவார்கள். ஏற்கெனவே தாராளமாக வாங்கிக்கொண்டிருந்தவர் இப்போது சற்று மலிவாக வாங்கியதும் வெற்றிக் கணக்கில் ஏறிவிடும்.

இரண்டாவது, தட்டில் எத்தனை கிராம் கூடியது? விற்ற டன்னும், திறந்த கடையும், கொடுத்த விதைப் பொட்டலமும் அரசு செய்த வேலையைச் சொல்பவை. உண்டவரின் கணக்கைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும். முந்தின 24 மணி நேரத்தில் வீட்டில் ஒவ்வொருவரும் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு அளக்க வேண்டும். திட்டம் எட்டாத அதே நிலைக் குடும்பங்களிலும் அதே நாள்களில் அளந்து ஒப்பிட வேண்டும். ஐப்பசி மழையில் தக்காளி விலை ஏறிக் கிடந்தபோது ஒரு கணக்கும், வரத்து பெருகிய தை மாதத்தில் இன்னொரு கணக்கும் எடுத்தால் எந்தத் திட்டமும் வென்றதாகவே தோன்றும். வீட்டுச் சராசரியும் போதாது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண்ணின் தட்டை அந்தச் சராசரி மறைத்துவிடும்.

மூன்றாவது, கூடிய அளவு நிலைத்ததா, அதற்கு ஆகும் செலவைக் காலம் முழுதும் தாங்க முடியுமா?

உழவர் சந்தை

முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் திறக்கப்பட்டது. தரகு இல்லை, தராசு இலவசம், மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் அன்றன்று விலைப்பலகை. உழவருக்கு இது நல்ல திட்டம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. இங்கே கேள்வி வேறு: குடிசைப் பகுதியில் வாழும் குடும்பத்தின் தட்டுக்கு இது என்ன செய்தது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு அரைக் கிலோ காய் வாங்கும் ஒரு குடும்பம், கிலோ 40 ரூபாய் என்றால் மாதம் 600 ரூபாய் செலவழிக்கிறது. உழவர் சந்தையில் 15 சதவீதம் மலிவாகக் கிடைப்பதாகக் கொள்வோம். மாதம் மிஞ்சுவது 90 ரூபாய். அந்தப் பணம் முழுவதையும் மீண்டும் காய்க்கே போட்டால், 34 ரூபாய் விலையில் சுமார் 2.6 கிலோ கூடுதலாக வாங்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 22 கிராம். குடும்பம் ஒரு நாளும் தவறாமல் அங்கேயே வாங்கி, மிச்சத்தில் ஒரு காசும் வேறெதற்கும் போகாவிட்டால் வரும் உச்ச அளவு இது.

நடைமுறை இந்த உச்சத்தை எட்டவிடாது. சந்தை விடியற்காலையில் கூடி முற்பகலில் அடங்கிவிடுகிறது. சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெண் அந்த நேரத்தில் வேலையிடத்தில் இருப்பாள். கூலி கைக்கு வருவது மாலையில். அவள் வாங்குவது தெருவோரத்தில் பத்து, இருபது ரூபாய்க்குக் கட்டி வைத்த கூறு. தள்ளுவண்டிக்காரம்மா கடன் சொன்னால் கொடுப்பார், கொசுறாகக் கறிவேப்பிலையும் மல்லியும் போடுவார். கிலோ விலை அங்கே கூடுதல்தான். ஆனால் அன்றைய கூலிக்குள் அன்றைய குழம்பு முடிந்துவிடுகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் சந்தைக்குப் போகும் காசு மிச்சம். போகிற நேரத்தை எந்தச் சலுகையும் திருப்பித் தரவில்லை. சந்தையைப் பற்றி அரசு ஆண்டுதோறும் சொல்லும் எண்கள் காய்கறி வரத்து, உழவர் எண்ணிக்கை, விற்பனைத் தொகை என்பவை. வாங்கியவர் எந்த வருவாய்க்காரர் என்பது அவற்றில் தெரியாது.

பிரேசிலின் பெலோ ஒரிசோன்டி நகரம் இதே சிந்தனையை ஒரு படி மேலே கொண்டுபோனது. 1993இல் பாட்ருஸ் அனனியாஸ் மேயராக இருந்தபோது நகராட்சி உணவுக்கென்றே தனித் துறை அமைத்தது. நல்ல விற்பனை நடக்கும் இடங்களை வியாபாரிகளுக்குக் கொடுத்தது; பதிலுக்குக் குறிப்பிட்ட காய்கறி, பழங்களை நகராட்சி குறித்த விலையில் விற்க வேண்டும், வார இறுதியில் வண்டியோடு ஏழைப் புறநகர்களுக்கும் போக வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தது. உணவுத் திட்டங்கள் அனைத்துக்குமான செலவு நகராட்சி வரவுசெலவில் இரண்டு சதவீதத்துக்குள் அடங்கியது. 2009இல் உலக எதிர்கால மன்றத்தின் விருதும் கிடைத்தது. அந்த நகரத்தில் குழந்தைகளின் ஊட்டம் மேம்பட்டதை முழுக்கக் காய்கறிக் கடைகளின் கணக்கில் எழுத முடியாது. அதே ஆண்டுகளில் பிரேசில் நாடே மாறிக்கொண்டிருந்தது. 2003 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடி உதவித்தொகையும் வந்தது. ஆனாலும் அந்தக் கட்டுப்பாடு நமக்குப் பாடம். அரசு இடம் கொடுத்தால், ஏழை வாழும் இடத்துக்கும் நேரத்துக்கும் கடை போக வேண்டும் என்று கேட்கலாம். உழவர் சந்தையின் அமைப்பில் அந்தக் கடமை இல்லை.

2013இல் கூட்டுறவுத் துறை சென்னையில் தொடங்கிய பண்ணைப் பசுமைக் கடைகளும், 2023 ஜூலையில் தக்காளி விலை 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னையின் 82 நியாய விலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றதும் வேறு வகை. நுகர்வு விழும்போது தாங்கிப் பிடிக்க அவை வேண்டும். வழக்கமாக உண்ணும் அளவை ஏற்ற அவற்றால் ஆகாது. ஏற்றுவது அவற்றின் நோக்கமும் இல்லை.

பக்கத்தில் கடை வந்தால்?

அமெரிக்காவில் பல ஆண்டுகள் கோலோச்சிய நம்பிக்கை, ஏழைப் பகுதியில் நல்ல கடை இல்லாததே குறை என்பது. கடை திறந்து பார்த்தார்கள். பிலடெல்பியாவில் அரசு உதவியோடு பேரங்காடி வந்த பகுதி மக்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, அருகில் காய்கறி கிடைக்கிறது என்ற உணர்வு கூடியதையும், உண்ணும் அளவு கூடாததையும் காட்டியது. நாடு முழுவதற்குமான கொள்முதல் தரவுகளை வைத்து 2019இல் ஹன்ட் ஆல்காட்டும் உடனாய்வாளர்களும் கண்டது இன்னும் கூர்மையானது: பணக்காரருக்குக் கிடைக்கும் அதே பொருள்களும் அதே விலையும் ஏழைக்குக் கிடைத்தாலும் ஊட்ட ஏற்றத்தாழ்வில் பத்து சதவீதம் அளவுக்குத்தான் குறையும்.

நம் நகரங்களில் இந்தத் திட்டத்துக்கு வேலையே குறைவு. தள்ளுவண்டி வாசலுக்கே வருகிறது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் வாழும் பெண்கள் வேலைக்காக நகரத்துக்குள் போய்த் திரும்பச் செலவிடும் நேரம்தான் பெரிய இழப்பு. இருட்டிய பின் வீடு சேர்கிறவளுக்குக் கீழே கடை இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். ஆய்ந்து, நறுக்கி, வேகவைக்கும் மீதிப் பாதி அப்படியே நிற்கும்.

மாடித்தோட்டமும் அறிவுரையும்

2013-14இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தொகுப்புகளை மானியத்தில் கொடுத்தது. மாடியும் தண்ணீரும் ஓய்வும் உள்ளவர்களுக்கு இது நல்ல உதவி. ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்து, குடத்தில் தண்ணீர் பிடிக்கிற குடும்பத்திடம் இந்த மூன்றும் இல்லை. நகர்ப்புற ஏழைக்கான திட்டம் என்ற கேள்வியில் இது முதல் அளவுகோலிலேயே தவறிவிடுகிறது.

அறிவுரைப் பரப்புரையும் அப்படித்தான். கீரை நல்லது என்று தெரியாத தாயை நம் ஊரில் தேட வேண்டும். குழந்தை பிறந்த வீட்டில் பத்தியம் சொல்லும் பாட்டிக்கே முருங்கைக்கீரையின் அருமை தெரியும். தெரிந்தவரிடம் திரும்பத் திரும்பச் சொல்வதால் காசும் நேரமும் வந்துவிடாது. மாதாந்திர ஊட்டச்சத்து விழாக்களுக்குக் காசு ஒதுக்குமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விலையைக் குறைத்துக் கொடுத்தால்?

இந்தக் கேள்விக்குத் திடமான சான்று உண்டு. 2011 நவம்பரிலிருந்து ஓராண்டுக்கும் சற்று மேலாக, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு உள்ளிட்ட ஹாம்ப்டன் வட்டாரத்தில் ஒரு சோதனை நடந்தது. உணவு உதவி பெறும் சுமார் 55,000 குடும்பங்களிலிருந்து 7,500 குடும்பங்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவர்கள் குறிப்பிட்ட காய்கறி, பழங்களை ஒரு டாலருக்கு வாங்கினால் 30 சென்ட் அவர்கள் கணக்கிலேயே திரும்பி வரும். மற்றவர்களைவிட இவர்கள் 26 சதவீதம் கூடுதலாகக் காய், பழம் உண்டார்கள். ஒப்பீடு நேர்மையானது, முடிவை நம்பலாம். ஆனால் அந்த 26 சதவீதம் கப் அளவில் நாளுக்குக் கால் கப்பை எட்டவில்லை. தொடக்க அளவு சிறிதாக இருந்தால் சதவீதம் பெரிதாகத் தெரியும். வாசகர் எப்போதும் கேட்க வேண்டியது கிராமைத்தான்.

ஈக்வடார் சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. 2011இல் உலக உணவுத் திட்டம் கார்ச்சி, சுகும்பியோஸ் மாகாணங்களின் நகர்ப் பகுதிகளில், கொலம்பிய அகதிகளுக்கும் உள்ளூர் ஏழைகளுக்கும் ஆறு மாதம் மாதந்தோறும் 40 டாலர் பெறுமான உதவி கொடுத்தது. ஒரு பிரிவுக்கு ரொக்கம், ஒரு பிரிவுக்குச் சத்தான பொருள்களுக்கு மட்டும் செல்லும் கூப்பன், ஒரு பிரிவுக்கு உணவுப் பொருளாகவே. பொருளாகப் பெற்றவர்களிடம் கலோரி அதிகம் கூடியது. உணவு வகைகள் அதிகம் கூடியது கூப்பன் பெற்றவர்களிடம். ரொக்கத்தையும் கூப்பனையும் கொண்டுசேர்க்கும் செலவு ஒவ்வொரு முறைக்கும் 3 டாலர் அளவு. பொருளைக் கொண்டுசேர்க்க 11 டாலருக்கு மேல். அரிசியை மூட்டையில் கொடுத்துப் பழகிய நமக்கு இது நேரடியான செய்தி. காய்கறியை நியாய விலைக் கடைக்குள் கொண்டுவரச் சொல்லும் குரல் அவ்வப்போது எழுகிறது. அழுகும் சரக்கைச் சேமித்து எடைபோட்டு வழங்கும் அமைப்பு அந்தக் கடைகளுக்கு இல்லை. தள்ளுவண்டியிலேயே செல்லும் கூப்பன் அந்தச் சுமையை அரசின் தோளிலிருந்து இறக்கும்; 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அடையாள அட்டை பெற்றவர்களை இதற்குப் பதிவுசெய்துகொள்ளவும் முடியும்.

விலைச் சலுகை தேறுகிறது. ஆனால் சிறிய சலுகை சிறிய பலனையே தரும். சமைக்கும் சுமையையும் குடும்பத்தின் மேலேயே விட்டுவிடும்.

சமைத்துப் போட்டால்?

காய்கறியின் உண்மை விலை தராசில் தெரிவதோடு முடிவதில்லை. எரிவாயு, தண்ணீர், ஒரு மணி நேர வேலை, குளிர்பெட்டி இல்லாத வீட்டில் வாடிப்போகும் மீதி ஆகியவையும் விலைதான். அவற்றோடு இன்னொன்றும் உண்டு. பாஸ்டன் வட்டாரத்தில் சமூகவியலாளர் கெய்ட்லின் டேனியல் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், வருவாய் குறைந்த பெற்றோர் குழந்தை ஒதுக்கிவிடும் உணவை வாங்குவதையே தவிர்ப்பதைக் கண்டார். ஒதுக்கிய கத்தரிக்காய்க்கு மாற்றாக வேறொன்று சமைக்க அவர்களிடம் காசு இல்லை. ஒரு புதிய காயைக் குழந்தையின் நாக்கு ஏற்க எட்டு முதல் பதினைந்து முறை சுவைக்க வேண்டியிருக்கும் என்கிறது குழந்தை உணவு ஆய்வு. வசதியுள்ள வீடு அந்த வீணடிப்பைத் தாங்கும். ஏழை வீடு தாங்காது. இதனால் சுவைப் பழக்கமே வருவாய்ப்படி பிரிந்துபோகிறது.

பள்ளிச் சமையலறை இந்தச் செலவுகள் அனைத்தையும் ஒரே இடத்தில் ஏற்றுக்கொள்கிறது. 1982 ஜூலையில் விரிவான வடிவம் பெற்ற சத்துணவும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகள்வரை வந்துவிட்ட காலை உணவும் நகர ஏழையின் பிள்ளையை ஒவ்வொரு பள்ளி நாளும் தொடுகின்றன. மத்திய விதிப்படி மதிய உணவில் தொடக்க வகுப்புக் குழந்தைக்கு 50 கிராம் காய்கறி, உயர்தொடக்க வகுப்புக்கு 75 கிராம். ஆண்டுக்கு 220 பள்ளி நாள் என்று கொண்டு முழு ஆண்டுக்கும் பரப்பினால் தொடக்க வகுப்புக் குழந்தைக்கு நாளுக்கு 30 கிராம். உழவர் சந்தை தரக்கூடிய உச்சமான 22 கிராமைவிட இது அதிகம். அதுவும் ஏழைக் குழந்தைக்கே நேராகப் போவது. பள்ளியில் சாப்பிட்டால் வீட்டில் குறைத்துவிடுவார்களோ என்ற ஐயத்துக்கும் பதில் உண்டு. மத்தியப் பிரதேசக் கிராமங்களில் பர்சானா அஃப்ரிடி நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டு உணவு குறையாமலே பள்ளி உணவின் சத்து கூடுதலாகச் சேர்ந்ததைக் காட்டியது.

இத்தனைக்கும் பிறகு இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டையைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை தவறாமல் வருகிறது. காரணம் எளிது: முட்டையை எண்ணலாம். இன்று எத்தனை பிள்ளைகள், எத்தனை முட்டை என்று தலைமையாசிரியர் முதல் பெற்றோர்வரை எவரும் கேட்கலாம். 50 கிராம் காய்கறி சாம்பாரிலும் கலவைச் சாதத்திலும் கரைந்துவிடுகிறது. 20 கிராம் போட்டாலும் நிறம் மாறாது. காய் விலை ஏறும் மாதத்தில் சமையலர் எங்கே குறைப்பார் என்று ஊகிக்கப் பெரிய ஆய்வு வேண்டாம். காலை உணவைப் பற்றி மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு பிள்ளைகளின் வருகை கூடியதைக் காட்டியது. மகிழ வேண்டிய செய்தி. காய்கறி எத்தனை கிராம் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு வருகைப் பதிவேடு விடை தராது.

பெரியவர்களுக்கு, 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சுமை தூக்குபவரும் தூய்மைப் பணியாளரும் கூச்சமின்றி உட்கார்ந்து சாப்பிடும் இடம். முதல் அளவுகோலில் இதைவிடச் சரியாகத் தேறிய நகர்ப்புறத் திட்டம் குறைவு. இரண்டாவது அளவுகோலில் இடறுகிறது: பட்டியல் முழுக்க அரிசியும் கோதுமையும், காய் பக்கத்தில் வருவதே இல்லை. வாசலுக்கு வந்த ஏழைக்கு, இலவசமாகவே கிடைக்கும் அரிசியை மறுபடியும் கொடுத்து, கிடைக்காத காயைக் கொடுக்காமல் அனுப்புகிறோம்.

ஒரு மறுப்பு

ஏழைகள் காசு இருந்தாலும் பிஸ்கட்டுக்கும் பஜ்ஜிக்கும்தானே செலவழிக்கிறார்கள் என்பார்கள். 2022-23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் இந்திய நகர்ப்புறக் குடும்பங்கள் மொத்தச் செலவில் காய்கறிக்கு 4 சதவீதத்துக்கும் குறைவாகவும், பானங்கள், தயார் உணவுகளுக்கு 10 சதவீதத்துக்கும் அதிகமாகவும் செலவழித்தது உண்மை. இது எல்லா வருவாய்க்காரருக்குமான சராசரி. ஏழையின் குற்றப்பத்திரிகையாக இதை வாசிக்க முடியாது. பிஸ்கட் அழுகாது, அடுப்பு கேட்காது, பிள்ளை ஒதுக்காது. நேரமும் காசும் இறுகியவர் அதைத் தேர்ந்தெடுப்பதில் கணக்கு இருக்கிறது. அதே எளிமையோடு காய்கறியை நீட்டினால்தான் அந்தக் கணக்கு மாறும்.

தீர்ப்பு

நகர்ப்புற ஏழையின் காய்கறி நுகர்வு என்ற ஒற்றை நோக்கில் என் வரிசை இது. அறிவுரைப் பரப்புரையும் மாடித்தோட்டமும் தேறவில்லை. உழவர் சந்தை உழவருக்காகத் தொடர வேண்டும். ஏழையின் தட்டுக்கான திட்டமாக அதைக் காட்டுவதை நிறுத்த வேண்டும், அல்லது மாலை நேர விற்பனையையும் குடிசைப் பகுதி வண்டியையும் அதன் கடமையாக்க வேண்டும். விலைச் சலுகைக் கூப்பன் தேறுகிறது; ஆனால் மாநிலம் முழுக்கப் பரப்புமுன் சில வட்டங்களில் குலுக்கல் முறையில் ஒரு பிரிவுக்குக் கூப்பன், ஒரு பிரிவுக்கு அதே தொகை ரொக்கம், ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை என்று வைத்து, மழைக்காலத்தையும் உள்ளடக்கி ஓராண்டு சோதிக்க வேண்டும். முதலிடம் சமைத்த உணவுக்கு.

அந்த முதலிடத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. காயைச் சாம்பாரிலிருந்து வெளியே எடுத்துத் தனிப் பொரியலாக, கூட்டாக, அளவுக் கரண்டியால் பரிமாற வேண்டும். முட்டையைப் போலக் காயும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், எண்ணத்தக்கதாக வேண்டும். அளவை 100 கிராமாக உயர்த்த, ஒரு தொடக்க வகுப்புக் குழந்தைக்குக் கூடுதலாக வேண்டிய 50 கிராமின் விலை கிலோ 40 ரூபாய்க் கணக்கில் 2 ரூபாய். 220 நாளுக்கு 440 ரூபாய். அம்மா உணவகத்திலும் ஒவ்வொரு மதியத் தட்டோடும் ஒரு கரண்டிப் பொரியல் கட்டாயமாக வேண்டும். அரிசியை இலவசமாக்கத் துணிந்த மாநிலத்துக்கு இது பெரிய செலவே இல்லை.

கடைசியாக, அளவீடு. ஒரு நகரத்தில் காய்கறித் திட்டம் நடக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அந்த ஊரின் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பெண்ணும் பிள்ளையும் நேற்று எத்தனை கிராம் காய் சாப்பிட்டார்கள் என்ற எண்ணைச் சட்டமன்றத்தில் வைக்கும் மானியக் கோரிக்கையில் அரசு அச்சிட வேண்டும். அந்த எண் உயராத திட்டத்துக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீடு கொடுக்கக் கூடாது.